பெயரற்ற பெருமீன்

ஒரு பையன் நாள்தோறும் பள்ளிக்கு வந்து பின்வரிசையில் அமர்கிறான். எல்லோரும் அவனை அறிவர். ஆயினும் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. ஒருநாள் அவன் வாராதொழிந்தால் தேடுவார் யார்? காவிரியில் வாழும் ஒரு மீனுக்கு இந்நிலையே நேர்ந்தது.

அது கெண்டைக் குடும்பத்து மாசீர் மீன். பெருஞ்செதில்கள் உடையது, தலைக்குப் பின்னே முதுகு காளையின் திமில்போல் உயர்ந்திருக்கும். ஆதலின் திமில் மாசீர் என்போம். காவிரியும் அதன் துணையாறுகளும் அன்றி வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. 1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட மீன் ஒன்று 120 ராத்தல், அதாவது ஏறக்குறைய 54 கிலோ இருந்தது. உங்களுள் பலர் அவ்வளவு நிறை இருக்கமாட்டீர்கள்!

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தூண்டிற்காரர் இதனைப் புகழ்ந்து வந்தனர். ஆனால் விலங்கியலார் ஓர் உயிரைப் பேரினம், சிற்றினம் என்னும் இரு சொற்களால் பெயரிட்டு, அடையாளங்களை வரையறுத்து வெளியிட்டால்தான் அது ஏடேறும். திமில் மாசீருக்கு அதனை ஒருவரும் செய்திலர்.

இதன் விளைவைக் கேளுங்கள். 1839இல் சைக்ஸ் என்பார் புனேக்கு அருகே கண்டு பெயரிட்ட 'டோர் குத்ரீ' என்னும் நீலத்துடுப்பு மாசீர், கிருஷ்ணை ஆற்றுப் படுகைக்கு உரியது. 1970களிலிருந்து அதன் குஞ்சுகளைப் பண்ணையில் பொரித்துக் காவிரியில் விட்டனர். மாசீர் என்றால் மாசீர்தானே! செய்தவரைக் குறைகூற நான் முன்வரேன். அவர்கள் விரும்பியது மாசீரைக் காக்கவே. ஆனால் 1998 முதல் 2012 வரை தூண்டிற்காரர் எழுதிவைத்த குறிப்புகளை ஆராய்ந்தபோது, வந்த மீன் பெருகியதும் சொந்த மீன் அருகியதும் தெரிந்தன. அணைகளும் மணல் அள்ளுதலும் வெடிவைத்து மீன் பிடித்தலும் வேறு சேர்ந்துகொண்டன.

பெயரோ, வேறொரு பக்கத்தில் முன்னரே காத்திருந்தது. கேரளத்தின் சின்னாறு வனப்பகுதியில் ஓடும் பாம்பாறு, பெரும்பாலான ஆறுகளைப்போல் மேற்கே செல்லாமல் கிழக்கே திரும்பி அமராவதியாகிக் காவிரியை அடைகிறது. அங்கே பிடித்த இளம் மீன்களைக் குருப்பும் இராதாகிருஷ்ணனும் புதுச் சிற்றினமென வகுத்து, 2011இல் 'டோர் ரெமாதேவீ' என்று பெயரிட்டனர். மீனியல் அறிஞர் ரெமாதேவி அம்மையாரைப் பெருமைப்படுத்த இட்ட பெயர் அது. சிறு மீனில் திமில் எங்கே தெரியும்? மோயாற்றில் கிடைத்த திமில் மாசீர்களின் உடலளவுகளையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று பிண்டர், ராகவன் முதலானோர் 2018இல் நிறுவினர்.

அவ்வாண்டின் இறுதிக்குள் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்னும் பிரிவில் திமில் மாசீர் இடம்பெற்றது. பதிவேட்டில் பெயர் ஏறிய ஆண்டே, அழிவின் விளிம்பில் நிற்கிறது என்ற குறிப்பும் அதனருகில் ஏறிவிட்டது.