எழுந்து நிற்காத வகுப்பு

கடல் கடந்து பாடம் நடத்தப் போகும் நம் ஆசிரியர்களுக்கு அந்த முதல் வருஷம் எதைக் கற்றுக்கொடுக்கிறது?

பழனியிலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கீரனூர். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வாத்தியார் வாசற்படியில் கால் வைத்ததும் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்கும். மொத்த வகுப்பும் எழுந்து நின்று, ஒரே ராகத்தில் இழுத்து ‘வணக்கம் ஐயா’ சொல்லும். ‘உட்காருங்க’ என்ற பிறகுதான் உட்காரும். நேற்று பி.எட். முடித்து வந்தவருக்கும் அந்த வணக்கம் உண்டு. அதை அவர் சம்பாதிக்கவில்லை. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் சேர்த்து வைத்துவிட்டுப் போன சொத்து அது.

விமானம் ஏறும்போது இந்தச் சொத்து கூட வராது. வெளிநாட்டுக்கு ஆசிரியராகப் போகிறவர் முதல் நாளே தெரிந்துகொள்வது இதைத்தான்.

போவது நமக்குப் புதிதல்ல. பேரரசர் ஹெய்லி செலாசி காலத்து எத்தியோப்பியாவில் ஒரு தலைமுறைக்கே இந்திய ஆசிரியர்கள் எழுத்தறிவித்தார்கள். பிறகு நைஜீரியா. இன்றும் மாலத்தீவின் பள்ளிகளில் தமிழ்நாட்டு ஆசிரியர்களைப் பார்க்கலாம். அண்மையில் திறந்த பெரிய கதவு இங்கிலாந்து. 2023 பிப்ரவரி 1 முதல் இந்தியா, கானா, நைஜீரியா, ஜமைக்கா உள்ளிட்ட நாடுகளில் பயிற்சி பெற்ற கணிதம், அறிவியல், மொழிப் பாட ஆசிரியர்கள் அங்கே ‘தகுதிபெற்ற ஆசிரியர்’ என்ற அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றானது. அதே ஆண்டில் இயற்பியல், மொழிப் பாட ஆசிரியர்கள் குடிபெயர்ந்து வர 10,000 பவுண்டு உதவித்தொகையும் அறிவித்தார்கள்.

ஒரு நாடு இப்படி அழைக்கிறது என்றால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று பொருள். ஆள் கிடைக்காத இடங்களில் முதலில் நிற்பவை ஏழ்மையான பகுதிப் பள்ளிகள். ஆகவே ஊரும் புதிது, பேச்சும் புதிது என்று வந்து இறங்குபவருக்கு, உள்ளூர்க்காரர்களே தயங்கும் வகுப்பறை வாய்ப்பது வழக்கமாகிவிடுகிறது.

இதை ஏறக்குறைய எழுபது வருஷங்களுக்கு முன்பே அனுபவித்து எழுதிய ஒருவர் இருக்கிறார். ஈ. ஆர். பிரெய்த்வெயிட். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கூலிகள் கப்பலேறிப்போன பிரிட்டிஷ் கயானாவில் 1912-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றினார், கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தார். பிறகு வேலை தேடினார். காகிதத்தில் தகுதி பார்த்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர்கள், கறுத்த முகத்தைப் பார்த்ததும் இடமில்லை என்றார்கள். கடைசியில் கிடைத்தது லண்டனின் கிழக்குக் கோடியில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே ஆசிரியர் வேலை. வேறு யாரும் விரும்பி வராததால் கிடைத்த வேலை. அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய ‘டு சர், வித் லவ்’ 1959-ல் வந்தது. 1967-ல் சிட்னி பாய்ட்டியர் நடிப்பில் படமாகி உலகம் சுற்றியது.

அந்த வகுப்பு அவரைச் சோதித்த முறையை அவர் படிப்படியாக எழுதியிருக்கிறார். முதலில் மௌனம்: கேட்ட கேள்விக்கு யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்தது சத்தம்: அவர் ஏதாவது முக்கியமாகச் சொல்ல ஆரம்பிக்கும்போது யாராவது ஒருவர் மேசை மூடியை டமாலென்று அடிப்பார், பிறகு மன்னிப்புக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். மூன்றாவது ஆபாசப் பேச்சு. இது உச்சத்துக்குப் போய், பயன்படுத்திய மாதவிடாய்த் துணியை யாரோ வகுப்பின் கணப்பில் போட்டு எரித்த நாளில் அவர் பொறுமை உடைந்தது. பையன்களை வெளியே அனுப்பிவிட்டு, பெண்பிள்ளைகளைப் பொரிந்து தள்ளினார்.

பிறகு தனியே உட்கார்ந்து யோசித்தார். இவர்கள் இன்னும் சில மாதங்களில் வேலைக்குப் போகப்போகிறவர்கள், நான் இன்னும் குழந்தைகளாகவே நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்கு உறைத்தது. மறுநாளிலிருந்து பெண்களை ‘மிஸ்’ சேர்த்துக் கூப்பிட்டார். பையன்களைக் குடும்பப் பெயரால் அழைத்தார். தன்னை ‘சர்’ என்று கூப்பிடச் சொன்னார். தான் எதிர்பார்த்த மரியாதையை முதலில் தானே கொடுத்தார். அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொன்னார். மெல்ல மெல்ல அந்த வகுப்பு அவருடையதானது.

அவர் தனியாகச் சாதித்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர் அலெக்ஸ் புளூம். பிரம்பைத் தூக்கி எறிந்தவர். மாணவர் மன்றம் வைத்தவர். வாரந்தோறும் பிள்ளைகள், பாடத்தைப் பற்றியும் ஆசிரியரைப் பற்றியும் மனதில் பட்டதை எழுதித் தரலாம் என்று ஏற்பாடு செய்தவர். போர் முடிந்த கையோடு, குண்டு விழுந்து சிதைந்த பகுதியில் இதையெல்லாம் செய்தார். புது வாத்தியார் தடுமாறும்போது பின்னால் ஒரு தலைமை நிற்கிறதா என்பதில்தான் அவருடைய முதல் வருஷத்தின் விதி இருக்கிறது.

இன்று இங்கிலாந்துக்குப் போகிறவருக்கு மேசை மூடிகள் இல்லை. மீதி அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் எழுந்து நிற்பதில்லை. ‘ஏன் இதைப் படிக்கணும்?’ என்று நேராகக் கேட்பார்கள். அது திமிர் என்று நமக்குப் படும். பல நேரம் அது வெறும் கேள்விதான். நம் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசும் வேகம் நமக்குப் பிடிபடாது. ஒருவன் நம்மைப்போலவே பேசிக்காட்டுவான், வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு இரவு தூக்கத்திலும் கேட்கும். குரலை உயர்த்தினால் ஊரில் அடங்கும் வகுப்பு, அங்கே வேடிக்கை பார்க்கும்.

அங்கே வேலை செய்வது ஒழுங்குமுறை. முதல் எச்சரிக்கை, இரண்டாவது எச்சரிக்கை, இடமாற்றம், பள்ளி முடிந்ததும் நிறுத்திவைத்தல், வீட்டுக்குத் தொலைபேசி என்று ஒவ்வொரு பள்ளியும் எழுதி வைத்திருக்கும். புதியவர் செய்யும் பெரிய தவறு, சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவது. ‘நாளைக்கு நிறுத்திவைப்பேன்’ என்று மூன்று முறை சொல்லி ஒரு முறையும் நிறுத்தாதவரை வகுப்பு கணக்கெடுத்துவிடும். இன்னொன்று பெயர். முப்பது பெயர்களையும் முதல் வாரத்திலேயே சரியாகச் சொல்லப் பழகியவரிடம், அவர் பெயரைச் சரியாகச் சொல்ல அந்தப் பிள்ளைகளும் முயல்வார்கள்.

ஆகவே போக நினைக்கும் தம்பி தங்கைகளிடம் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே 2021 செப்டம்பரிலிருந்து, புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு வருஷ வழிகாட்டல் உண்டு. ஒரு வழிகாட்டி ஆசிரியர் கிடைப்பார், முதல் வருஷம் பாடவேளையில் 10 சதவீதமும் அடுத்த வருஷம் 5 சதவீதமும் குறையும். ஊரில் பல வருஷம் நடத்திவிட்டுப் போகிறவரும் அந்த வகுப்பறைக்குப் புதியவர்தான். எனக்கு வழிகாட்டி யார், எத்தனை பாடவேளை, வகுப்பு கைமீறினால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்று கேள்விக்கும் கையெழுத்துப் போடுமுன் பதில் வாங்குங்கள்.

பிரெய்த்வெயிட் கதையில் என்னை விட்டு நீங்காத இடம் ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு கலப்பினப் பையனின் தாய் இறந்துபோகிறாள். பிள்ளைகள் காசு சேர்த்து மலர்வளையம் வாங்க முடிவு செய்கிறார்கள். யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்றதும் ஏறக்குறைய வகுப்பே தலைகுனிகிறது. கறுப்பர் வீட்டுக்குப் போவதைப் பார்த்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற பயம். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண் என்று அவர் நொறுங்கிப்போகிறார். பிறகு சாவு வீட்டுக்குப் போனால், அந்த வகுப்பே அங்கே வந்து நிற்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு லண்டன் தெரியவில்லை. நம் ஊர்த் தெருக்கள்தான் தெரிந்தன. கூடப் படிக்கிறவன் வீட்டுத் துக்கத்துக்கு, அவன் எந்தத் தெரு என்று பார்த்துப் போகாமல் இருக்கும் பழக்கம் நமக்குப் புதிதா? மணிக்கட்டில் கட்டிய சாதிக் கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சேரும் கூட்டம் நம் பள்ளிகளில் இல்லையா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, அந்த வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொன்ன வகுப்புகளில்தான் அந்தக் கயிறுகளும் இருந்தன. நமக்கு அவை கண்ணில் படவில்லை. அமைதியாக இருந்ததால், எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டோம்.

கடினமான வகுப்பறைகளை உலகம் கவனிக்காமல் இல்லை. இலங்கையில் பிறந்து, சிட்னியின் மேற்கே ரூட்டி ஹில் உயர்நிலைப் பள்ளியில் கற்பித்துவந்த யசோதை செல்வகுமாரன், 2019-ல் உலக ஆசிரியர் விருதின் இறுதிப் பத்துப் பேரில் ஒருவராக வந்தார். பல நாட்டு வேர்கள் கொண்ட பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி அது. அந்த ஆண்டு விருதைப் பெற்றவர் கென்யாவின் கிராமப் பள்ளி ஆசிரியர் பீட்டர் தபிச்சி. உலகம் தேடிப்போய் மாலை போட்டவர்கள் சுலபமான வகுப்பறைகளில் நின்றவர்கள் அல்லர்.

வெளிநாட்டில் தட்டுத்தடுமாறி ஒரு வருஷம் தாண்டியவர் என்றாவது ஊர் திரும்புவார். கீரனூரில் ஒரு வகுப்புக்குள் நுழைவார். பெஞ்சு நகரும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவர் அந்த வணக்கத்தோடு திருப்திப்பட்டுவிட மாட்டார். கடைசி பெஞ்சில் நிற்கிறவன் பெயர் என்ன, காலையில் சாப்பிட்டானா, அவன் பக்கத்தில் ஏன் யாரும் உட்காரவில்லை என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்ள, கடல் தாண்டத்தான் வேண்டும் என்பதில்லை. நாளைக் காலை முதல் மணி அடித்ததும் இங்கேயே தொடங்கலாம்.