உறைந்த ஏரியில் கெளுத்தி மீன் பிடிப்பது எப்படி? 4 அங்குல ஐஸ் ஏன் முக்கியம்?

காலுக்குக் கீழே கல் மாதிரி இறுகிய ஐஸ். அதில் ஒரு துளை. துளைக்குள் தூண்டில். அமெரிக்காவின் மின்னசோட்டா, அயோவா மாநிலங்களில் குளிர்காலம் வந்தால் ஏரிகளில் இந்தக் காட்சி சகஜம். இப்படிப் பிடிபடும் மீன்களில் 'சேனல் கேட்ஃபிஷ்' என்ற வகையும் ஒன்று. நம்ம ஊர் கெளுத்திக்கு தூரத்து உறவு, அதே மீசை. ஏரியே உறைந்த பிறகு இந்த மீன் எப்படி உயிரோடு இருக்கிறது? எப்படிப் பிடிக்கிறார்கள்? பார்க்கலாம்.

ஏரி முழுசும் உறைந்துவிடாதா?

ஆழமான ஏரி அப்படி உறையாது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். அதனால் அந்தத் தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் மேலே நின்று, 0 டிகிரியில் ஐஸாகிறது. மிதக்கும் அந்த ஐஸ்தான் கீழே இருக்கும் தண்ணீருக்குப் போர்வை.

கெளுத்தி எங்கே போகும்?

ஆழமான பள்ளங்களைத் தேடிப் போய் கூட்டமாகத் தங்கும். குளிரில் செரிமானம் மந்தமாகிவிடுவதால் இரை எடுப்பது குறையும். ஆனால் முழுசாக நின்றுவிடாது. இன்னொரு வகையான 'பிளாட்ஹெட் கேட்ஃபிஷ்' கடுங்குளிரில் கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாது. அதனால்தான் ஐஸில் தூண்டில் போடுபவர்கள் சேனல் கேட்ஃபிஷைத் தேடுகிறார்கள்.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

'ஆகர்' என்ற துளையிடும் கருவியால் 8 அல்லது 10 அங்குல அகலத்தில் துளை போடுவார்கள். சோனார் கருவியை உள்ளே இறக்கி மீன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லை என்றால் அடுத்த துளை. மீன் துண்டைக் கொக்கியில் மாட்டி, தரைக்குச் சற்று மேலே நிறுத்துவார்கள். அதிகம் ஆட்டக்கூடாது. குளிரில் மீன் மெதுவாகத்தான் கவ்வும். தூண்டில் நுனி லேசாக அசைந்தாலே மீன் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மீன்கள் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் அளவுக்கு மீறிப் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அதனால் பெரிய மீன்களைத் திரும்ப விட்டுவிடுபவர்கள் பலர்.

ஐஸ் தாங்குமா?

இதுதான் உயிர்ப் பிரச்சினை. ஒருவர் நடந்து போக, தெளிவான புது ஐஸ் குறைந்தது 4 அங்குலம், அதாவது சுமார் 10 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறது மின்னசோட்டா இயற்கை வளத் துறை. பனி கலந்த வெள்ளை ஐஸ் என்றால் இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். ஒரே ஏரியில் ஒரு இடத்தில் தடிமனாகவும், நீரோட்டம் உள்ள இடத்தில் மெலிதாகவும் இருக்கும். அதனால் போகப் போக அளந்து பார்க்க வேண்டும். கூடாரத்துக்குள் ஹீட்டர் போட்டால் காற்றோட்டமும் கட்டாயம். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும்.

உள்ளே விழுந்துவிட்டால்?

* முதல் ஒரு நிமிடம் மூச்சு வாங்கும். பதறாமல் மூச்சைச் சீராக்க வேண்டும்.
* வந்த திசைக்கே திரும்ப வேண்டும். அதுவரை தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.
* கழுத்தில் தொங்கும் ஐஸ் ஊசிகளைக் குத்திப் பிடித்து, காலை உதைத்து மேலே வர வேண்டும். சுமார் 10 நிமிடத்தில் கை கால் வலுவிழந்துவிடும்.
* மேலே வந்ததும் எழுந்து நிற்கக்கூடாது. உருண்டே கரைப் பக்கம் போக வேண்டும்.

ஐஸ் 4 அங்குலம் இல்லை என்றால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதுதான் புத்திசாலித்தனம். மீன் அடுத்த வாரமும் அதே பள்ளத்தில்தான் இருக்கும்.