தள்ளிப்போடும் பழக்கமும் ஊர்ப் பொறுப்பும்

ஆவணியில் முடித்திருக்க வேண்டிய வேலையை ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே நினைத்து வருந்தும் ஊர்கள் நம் நாட்டில் பல உண்டு. ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடப்பதை ஊரார் அனைவரும் அறிவர். ஊராட்சிக் கூட்டத்தில் அது பேசப்பட்டிருக்கும். 'கால்வாயை விரைவில் சீர் செய்வது' என்று தீர்மானமும் நிறைவேறியிருக்கும். ஆயினும், தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும்போது, கால்வாயில் மண்வெட்டி பட்ட சுவடே இராது. ஏரியை அடைய வேண்டிய நீர் வேறு வழியாகப் பாய்ந்து வீணாகும். மார்கழியில், பயிர் பால் பிடிக்கும் வேளையில், கடைமடைக்காரரின் வயல் வெடித்துக் கிடக்கும்.

இதனைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. விடியுமுன்பே தம் வயலில் இறங்கிவிடும் அதே உழவர்தாம் கால்வாய் வேலையை நாளைக்கு என்று ஒதுக்குகிறார். உழைப்போ இன்றைக்குரியது, அதன் பயனோ மூன்று மாதம் கழித்து வருவது. அன்றியும், அப்பயன் தமக்கு மட்டும் உரியதன்று, எல்லோர்க்கும் பொது. ஆகவே, 'மற்றவர் இறங்கட்டும், நாமும் இறங்குவோம்' என்று ஒவ்வொருவரும் காத்திருக்கின்றனர். தீர்மானத்தில் எவர் பெயரும் இல்லை, நாளும் இல்லை. 'விரைவில்' என்ற சொல்லைப்போல் வேலையைக் கெடுக்கும் சொல் ஊராட்சிக் குறிப்பேட்டில் வேறொன்றும் இல்லை என்பது எம் கருத்து.

பொதுக் காரியத்தைப் பொறுப்பாளர் பெயரோடும் காலவரையறையோடும் பிணைப்பது நமக்குப் புதிதன்று. உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. ஏரி வாரியத்திற்கு 6 பேர். பதவிக் காலம் 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் ஆவர். அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தகுதி இல்லை. அந்தச் சபை ஊர் மக்கள் அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் இங்கே மறத்தலாகாது. எனினும், ஏற்ற பொறுப்புக்கு ஊர் முன்னிலையில் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்ற விதி இன்றும் நமக்குப் பயன்படுவதே.

இனி, செய்யும் முறையைக் காண்போம். முதற்கண், ஆயக்கட்டுதாரர் அனைவரும் கால்வாயை ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். எங்கே வண்டல் படிந்துள்ளது, எங்கே சீமைக்கருவேலம் வேர் விட்டுள்ளது, எங்கே கரை சரிந்துள்ளது என்பவற்றைக் குறித்துக்கொண்டு, கால்வாயின் நீளத்தைக் கயிற்றால் அளந்து, முளை அடித்துப் பங்கிட வேண்டும். நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கு அமைதல் முறை. வெட்டக் கடினமான இடத்தில் நீளம் குறைவாகவும், எளிய இடத்தில் மிகுதியாகவும் இருத்தல் நேர்மையாகும். ஒவ்வொரு முளைக்கும் எண்ணும், அதற்கு உரியவர் பெயரும், முடிக்கும் நாளும் எழுதி, ஊர்ச் சாவடியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும்.

ஐம்பது அறுபது பேரை ஒரே பட்டியலில் சேர்த்து விட்டுவிட்டால் பயனில்லை. கூட்டம் பெரிதானால் அதில் மறைந்துகொள்ள இடம் கிடைக்கும். ஒரே மடையில் நீர் பாய்ச்சுவோர் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழுவாகலாம். அவர்கள் வாரம் ஒரு மாலை, குறித்த நாளில், அரை மணி நேரம் கூடினால் போதும். 'சென்ற வாரம் என்ன சொன்னீர், எவ்வளவு ஆயிற்று, அடுத்த வாரம் எவ்வளவு?' என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொருவரிடமும் கேட்டு, விடையை எழுதிக்கொள்ள வேண்டும். நீண்ட பேச்சு வேண்டா. பலர் முன் தம் வாயால் ஒரு நாளைச் சொல்லிவிட்டவர், அந்த நாள் நெருங்கும்போது தாமாகவே மண்வெட்டியைத் தேடுவார். தண்டத்துக்கு அஞ்சி அவர் இறங்குவதில்லை. அயலார் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற எண்ணமே அவரை இறக்குகிறது.

மகளிர் சுய உதவிக் குழுக்களில் இம்முறை நன்கு வேரூன்றியிருப்பதைக் காணலாம். தமிழகத்தில் இவை 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கப்பெற்றன. 12 முதல் 20 பேர் கொண்ட குழு, குறித்த நாளில் கூட்டம், வருகைப் பதிவு, சேமிப்பையும் கடன் தவணையையும் எல்லோர் முன்பும் எண்ணி வைத்தல். 'பிறகு கட்டுகிறேன்' என்று வங்கியில் சொல்வது எளிது. அன்றாடம் குழாயடியில் சந்திக்கும் தோழியரிடம் சொல்வது எளிதன்று. ஆண்கள் தங்கள் இல்லத்து மகளிரிடமே இப்பாடத்தைக் கேட்டறியலாம்.

சட்டத்தின் வலிமையால் மட்டும் இது நடவாது. வழக்கப்படி கூட்டு உழைப்பால் நடந்துவந்த பாசன வேலைக்கு வராதவரிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கலாம் என்று சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டது. அதன் பின்னும் குடிமராமத்து பல ஊர்களில் தேய்ந்தே போயிற்று.

எச்சரிக்கை ஒன்றும் கூறவேண்டும். குழுவின் கண் எளியவர் மேல் மட்டும் விழுமாயின், அது பொறுப்பன்று, கொடுமை. பழைய நாளில் பொது வேலையின் சுமை நிலமற்றோர் தோளில் ஏற்றப்பட்டதும் உண்டு. பாசனத்தால் பயன்பெறுவோரே பங்கை ஏற்றல் வேண்டும். கூலிக்கு ஆள் வைப்பவர் முறையான கூலி தரவேண்டும். நோயுற்றவர், துணையற்ற மூதாட்டி ஆகியோரின் முளையைக் குழுவே ஏற்றுக்கொள்ளலாம். தவறியவரை ஏசுவதினும், 'தடை என்ன?' என்று கேட்பதே மேல். பெரும்பாலும் ஆள் கிடைக்கவில்லை, மண்ணை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை என்பன போன்ற தீர்க்கக்கூடிய தடைகளே வெளிப்படும். தலைவரும் பெருநிலக்காரரும் தங்கள் பங்கை முதலில் வெட்டிக் காட்டாவிடில், பட்டியலை மற்றவர் மதியார்.

கிராம சபை கூடும் நாட்கள் இதற்குப் பொருத்தமாகவே அமைந்துள்ளன. ஆகஸ்டு 15 அன்று பெயரும் நாளும் கொண்ட பட்டியலைப் படிக்கலாம். அக்டோபர் 2 அன்று அதே பட்டியலை மீண்டும் படித்து, முடிந்ததையும் முடியாததையும் கூறலாம். இடையில் ஏழு வாரங்கள் உள்ளன. மேட்டூர் நீரை நம்பிய பகுதிகளில், அணை திறக்கும் வழக்கமான நாளாகிய ஜூன் 12இலிருந்து பின்னோக்கி எண்ணி, மே 1 கிராம சபையில் தொடங்குவது தகும். அளவுக் கயிற்றைக் கடைமடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கால்வாய் சரியாக வெட்டப்பட்டதா என்பதை அவரைவிடக் கவனமாகப் பார்ப்பவர் ஊரில் இரார்.