லே வரை காரில்: இருவரில் யார் ‘இறங்கிவிடலாம்’ என்று சொல்வது?

சென்னை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று கடலோரத்திலிருந்து சொந்தக் காரிலேயே லடாக்குக்குக் கிளம்பிவிடும் தம்பதிகளை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். கிளம்புவதற்கு முன் கார் சர்வீஸுக்குப் போகிறது. டயர், பிரேக், பேட்டரி, கூலன்ட் எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள். ஓட்டப்போகிறவரின் ரத்த அழுத்தத்தையோ, பக்கத்தில் உட்காரப்போகிறவரின் ஹீமோகுளோபினையோ பார்க்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. மலையேறியதும் முதலில் மக்கர் செய்வது பெரும்பாலும் உடம்பு.

உயரம் ஒருவரைக் கடுமையாகத் தாக்கினால், தன் நிலையைத் தானே எடைபோடும் நிதானம் அவருக்குக் குறைந்துவிடும். அப்போது கூட இருப்பவரின் கண்ணை விட நம்பகமான கருவி வேறில்லை. கணவனும் மனைவியுமாகப் போவதில் உள்ள பெரிய வசதி அதுதான். ஆனால் “எனக்கு ஒண்ணுமில்ல, நீ சும்மா இரு” என்ற ஒரு அதட்டலுக்கு மற்றவர் அடங்கிப்போனால் அந்த வசதி வீண். இருவரில் யார் ‘இறங்கலாம்’ என்று சொன்னாலும் வாதம் செய்யாமல் இறங்குவது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊட்டிக் கணக்கு அங்கே செல்லாது

“நாங்க ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் எத்தனை தடவை போயிருக்கோம்” என்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், அங்கும் நாம் இரவு தங்குவதில்லை. மலை நோய் பொதுவாகத் தலைகாட்டுவது 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போது. லே நகரம் இருப்பதோ சுமார் 3,500 மீட்டரில்.

மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு சுருங்குகிறது. லேயில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். 5,359 மீட்டரில் உள்ள கர்துங் லா கணவாயில் பாதிதான். உடம்பு இதற்கு ஈடுகொடுக்கும். மூச்சு வேகமாகும், சிறுநீரகம் ரத்தத்தின் அமில-காரச் சமநிலையைச் சரிசெய்யும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும்.

தினமும் ஜிம்முக்குப் போகிறவர் என்பதால் சலுகை கிடையாது. 1962 சீனப் போரையொட்டி சமவெளியிலிருந்து அவசரமாக மேலே அனுப்பப்பட்ட நம் வீரர்கள் பலர் மலை நோயால் விழுந்தார்கள். இந்தர் சிங் தலைமையில் இந்திய மருத்துவர்கள் 1,925 வீரர்களைப் பற்றி 1969-இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர்கள் இளைஞர்கள், நல்ல திடகாத்திரம். கட்டுமஸ்தானவர்களிடம் ஓர் ஆபத்தும் உண்டு: முதல் நாளே ஓடியாடித் தீர்த்துவிடுவார்கள்.

சமவெளியில் கவனிக்க வேண்டியது

தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்கும் மேல். இங்கே எதிரி தூக்கம். விடியலுக்கு முந்தைய நேரமும் சாப்பாட்டுக்குப் பிந்தைய மதியமும் கண்ணைச் செருகும் வேளைகள்; இருவருக்கும் ஓட்டத் தெரிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு தொல்லை. வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு இது நேர்வழி. வறண்ட உடம்போடு மலையேறினால், வரும் தலைவலி தண்ணீர் போதாததாலா உயரத்தாலா என்று பிரித்தறிவதும் கடினம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இருவரும் நடக்க வேண்டும். நீண்ட நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல்.

எந்த வழி, எந்த ஊரில் தூக்கம்

பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதை விட, இரவு எந்த உயரத்தில் தூங்கினீர்கள் என்பதே முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மருத்துவர்களின் பொது விதி.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் ஸ்ரீநகர் வழி நல்ல வழி. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், சோனமார்க் 2,700. 3,528 மீட்டரில் ஜோஜி லாவைக் கடந்து இறங்கினால் கார்கில் 2,676. அங்கே தூங்கி எழுந்து, மறுநாள் லே.

மணாலி வழி அழகானது, ஆனால் முரட்டுத்தனமானது. மணாலி 2,050 மீட்டரில் இருக்கிறது. 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் ரோதாங் கணவாயைச் சுற்றும் வேலையை மிச்சப்படுத்திவிட்டதால், காலையில் கிளம்பியவர்கள் அன்று மாலையே 4,290 மீட்டரில் உள்ள சர்ச்சு கூடாரங்களுக்குப் போய்விட முடிகிறது. ஒரே நாளில் 2,200 மீட்டர்! அங்கே நள்ளிரவில் தலை வெடித்தால் இறங்கவும் முடியாது. தெற்கே திரும்பினால் 4,890 மீட்டர் பாரலாச்சா லாவை ஏறிக் கடக்க வேண்டும். வடக்கே போனால் வரிசையாக நக்கீ லா, லாச்சுங் லா, தங்லங் லா. இறங்குவதற்கு முதலில் ஏற வேண்டிய பொறி அது. என்னைக் கேட்டால், ஸ்ரீநகர் வழியாக ஏறி, உடம்பு பழகிய பிறகு மணாலி வழியாக இறங்குவதே புத்திசாலித்தனம். மணாலி வழியேதான் ஏறுவேன் என்பவர்கள் இடையில் உள்ள கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்கட்டும்.

லே போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் சும்மா இருங்கள். பிறகு நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகலாம்; வழியில் கர்துங் லாவில் படம் எடுத்துக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிட வேண்டும். 4,200 மீட்டருக்கும் மேல் உள்ள பாங்காங் ஏரிக்கரையில் இரவு தங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

தலைவலி எப்போது சும்மா தலைவலி இல்லை

போய்ச் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி, கூடவே குமட்டல், பசியின்மை, அசதி, கிறுகிறுப்பு. பயணிகள் ஏ.எம்.எஸ். என்று சொல்லும் மலை நோயின் முதல் படி இது. வேறு காரணம் நிரூபணமாகும் வரை இதை உயரத்தின் வேலை என்றே கொள்ளுங்கள். அதே இடத்தில் ஓய்வு, தண்ணீர், தேவைப்பட்டால் பாரசிட்டமால். குறைந்தால் மேலே போகலாம், குறையாவிட்டால் கூடாது.

அடுத்த படி மூளை வீக்கம். பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் எரிச்சல் வரும், நடை தள்ளாடும். சந்தேகம் வந்தால் குதிகாலை முன்விரலில் ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நுரையீரலில் நீர் கோப்பது இன்னொன்று, உயிரை அதிகம் பறிப்பதும் இதுதான். பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து நான்காவது இரவுக்குள் வரும். வறட்டு இருமல், உட்கார்ந்திருக்கும்போதே இளைப்பு, பிறகு நுரைத்த இளஞ்சிவப்புச் சளி. “ஏசியில சளி பிடிச்சிருக்கு” என்று கஷாயம் போட்டுக்கொண்டிருப்பது இங்கேதான் ஆபத்து. மூளை வீக்கம், நுரையீரல் நீர் இரண்டுக்கும் ஆக்சிஜன், உடனே கீழிறங்குதல், மருத்துவமனை. லேயில் உள்ள சோனம் நூர்பூ நினைவு மருத்துவமனைக்கு இத்தகைய நோயாளிகள் புதிதல்ல.

இரவில் துணையின் மூச்சு சில நொடி நின்று, பிறகு வேகமாக வாரி இழுப்பதைப் பார்த்துப் பலர் பயந்துபோவார்கள். அந்த உயரத்தில் தூக்கத்தில் இப்படி நேர்வது சகஜம். அது மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மேலும் மந்தமாக்கும்.

மாத்திரை, கற்பூரம், ஆக்சிஜன் டப்பா

அசிட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ், உடம்பு உயரத்துக்குப் பழகுவதை உண்மையிலேயே வேகப்படுத்தும். பொதுவாக 125 மில்லிகிராம் காலை, மாலை என்று ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் தாங்களாகத் தொடக் கூடாது. மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. கைக்கு அடக்கமான ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், இறங்குவதற்கு மாற்றில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை எடுத்துப்போங்கள், ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். லேயில் 88 என்று காட்டுவது சாதாரணம். விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். எண்ணை விட ஆளைப் பாருங்கள்.

குளிரும் மூடிய கதவும்

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைநகரில் பனியில் சிக்கிய கார்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். குளிரோடு கார்பன் மோனாக்சைடும் காரணமாகச் சொல்லப்பட்டது. புகைக்குழாயைப் பனி மூடியிருக்க எஞ்சினை ஓடவிட்டால் நச்சுப்புகை காருக்குள்ளேயே திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவதும் அப்படியே. தலைவலி இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் உயரத்தை மட்டும் சந்தேகிக்காமல் உடனே வெளியே வாருங்கள்.

பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்கு நல்ல கறுப்புக் கண்ணாடி அவசியம். மரத்துப்போன விரலைத் தேய்க்கக் கூடாது. அக்குளில் வைத்தோ வெதுவெதுப்பான நீரிலோ சூடேற்ற வேண்டும்.

கிளம்பும் முன் யார் மருத்துவரைப் பார்க்க வேண்டும்

கர்ப்பம் என்று தெரிந்தால், அல்லது சந்தேகம் இருந்தால்கூட, இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி. இதய நோய், நுரையீரல் நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை உள்ளவர்கள் கேட்காமல் போகக் கூடாது. ரத்த அழுத்தம் மேலே கூடலாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம். ரத்தசோகை உள்ளவர்கள், நம் வீடுகளில் பெரும்பாலும் பெண்கள், சில மாதங்களுக்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். நீரிழிவுக்காரர்கள் இன்சுலினை இரவில் காரில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உறைந்துபோன இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது. குளுக்கோமீட்டரும் கடுங்குளிரில் தப்பாகக் காட்டும்; இரண்டையும் சட்டைக்குள் உடம்போடு வைத்திருப்பது நல்லது.