காலையில் மட்டும் கேட்கும் சத்தம்

காரில் ஏறினால் தலைவலி, இறங்கினால் சரியாகிவிடுகிறது. உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா? வெயில், காலையில் பசியாறாதது, வழி முழுக்கக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி அதை மறந்துவிடுவது வழக்கம். ஆனால், அந்தத் தலைவலி காரின் அடியில் ஓடும் ஒரு குழாயிலிருந்தும் வரலாம்.

நம்மில் பலர் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்வருவது பழைய கார்களில்தான். அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, கடைசியாக நம் கைக்கு வரும் கார். முதன்முதலாகப் பட்டறைக்குத் தனியாகப் போய், போமனிடம் கோளாறைச் சொல்லி, பில் கட்டும் வயதும் இதுதான். அந்தப் பட்டறை கோளாறைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது? இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

எக்சோஸ் செய்யும் வேலை

'எக்சோஸ்' என்றதும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சைலன்சர்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது இன்ஜினிலேயே தொடங்குகிறது. பெட்ரோல் எரிந்து வரும் புகை முதலில் மேனிஃபோல்டு என்ற இரும்புக் குழாய்த் தொகுதிக்குள் போகிறது. இன்ஜினோடு அது சேரும் இடத்தில் புகை கசியாதபடி ஒரு கேஸ்கெட் இருக்கும். அடுத்து வருவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றுவது அதன் வேலைகளில் ஒன்று. அதன்பிறகே சைலன்சர், கடைசிக் குழாய், வெளிக்காற்று.

கன்வெர்ட்டருக்கு முன்னால் கசிவு ஏற்பட்டால், சுத்தப்படுத்தப்படாத புகை இன்ஜின் பகுதியிலேயே வெளியேறும். கார் ஓடும்போது காற்று அதை அடித்துச் சென்றுவிடலாம். நெரிசலில் நிற்கும்போது அது மேலெழும்பி, முன்கண்ணாடியின் கீழே இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக ஏசிக்குள் போகக்கூடும். கசிவு பின்பக்கம் இருந்தால், தேய்ந்துபோன பூட் ரப்பர் வழியாகவோ தரையில் துருப்பிடித்த ஓட்டை வழியாகவோ உள்ளே வரும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. புகை நாற்றம் வந்தால் கசிவு இருப்பதாகச் சந்தேகிக்கலாம். நாற்றம் இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. உடலுக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி, தூக்கம் என்று அறிகுறிகள் தொடங்கும். காரை ஓட்டுபவருக்கே தூக்கம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயுள்ளவர்கள் ஆகியோருக்குப் பாதிப்பு அதிகம்.

பணத்துக்கும் இதில் நட்டம் உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால், அந்த வழியாக வெளிக்காற்றும் குழாய்க்குள் புகும். 'ஆக்சிஜன் அதிகமாக இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை' என்று சென்சார் தப்பாகக் கணக்குப் போடும். காரின் கணினி அதை நம்பித் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும்.

எங்கள் வீட்டுக் காரில் நடந்தது

எங்கள் காருக்குப் பதினொரு வயது. சில மாதங்களுக்கு முன், காலையில் கிளப்பும்போது மட்டும் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அப்பா தம் வழக்கமான பட்டறையில் சொன்னார். பிளக்குகளை மாற்றி, த்ரோட்டலைச் சுத்தம் செய்து 210 ரிங்கிட் வாங்கினார்கள். சத்தம் போகவில்லை. இரண்டாவது முறை இன்ஜின் மவுண்டிங்கை மாற்றி 250 ரிங்கிட். அப்போதும் போகவில்லை. "பழைய கார், கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்தது.

தீபாவளி விடுமுறை முடிந்து, தைப்பிங்கிலிருந்து என்னைப் பல்கலைக்கழகத்தில் விட அம்மாவும் தம்பியும் கூட வந்தார்கள். ஈப்போவைத் தாண்டியதும் ஒரு விபத்தால் நீண்ட நெரிசல். அம்மாவுக்குத் தலைவலி, தம்பிக்குக் குமட்டல். ஓய்வுத்தளத்தில் இறங்கி அரை மணி நேரம் வெளியே உட்கார்ந்ததும் இருவரும் தெளிந்துவிட்டார்கள். ஒரே காரில் வந்த இருவருக்கு ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போய், இறங்கியதும் சரியானது எனக்கு உறுத்தியது. மீதி வழி முழுவதும் கண்ணாடிகளை இறக்கிவிட்டே போனோம்.

அந்த வாரமே அப்பா காரை வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "சத்தம் எப்ப வரும்?" என்பதுதான். "காலையில" என்றதும், காரை இரவு விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்த்திருக்கிறார். மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரிடத்தில் எரிந்துபோய், பக்கத்து இரும்பில் கரிக்கோடு படிந்திருந்தது. வேலை முடிந்து பில் 180 ரிங்கிட். சத்தமும் போனது, தலைவலியும் போனது.

ஏன் தவறிப்போகிறது?

முதல் பட்டறை ஏமாற்றியது என்று நான் நினைக்கவில்லை. இரும்பு சூடானால் விரிவடையும். பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மேனிஃபோல்டு சூடேறி விரியும்போது சிறிய இடைவெளி தானாக அடைபடலாம். குளிர்ந்ததும் மறுபடி திறந்துகொள்ளும். வேலை முடிந்து மாலையில் ஓட்டிக்கொண்டு போகும் கார் பட்டறையை அடையும்போது நன்றாகச் சூடேறியிருக்கும். அங்கே அந்தச் சத்தம் கேட்காது. கேட்காத சத்தத்துக்கு ஊகத்தில் மருந்து கொடுத்ததுதான் அங்கே நடந்தது.

'கம்ப்யூட்டர்ல ஸ்கேன் பண்ணிட்டோம், கோட் ஒண்ணும் இல்ல' என்ற பதிலும் அடிக்கடி வரும். சிறிய கசிவு எந்தக் கோடையும் காட்டாமல் இருக்கலாம். கோட் வந்தாலும் சென்சார் எதை உணர்ந்தது என்றுதான் அது சொல்லும். கசிவு இருக்கும் இடத்தைக் காட்டாது. கண்ணும் காதும் வைத்துத் தேடத்தான் வேண்டும்.

கேட்பது மரியாதைக் குறைவா?

எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே இதில்தான். "இருபது வருஷப் பழக்கம். போய்க் கேட்டா என்ன நினைப்பாரு?" என்றார் அப்பா. "460 ரிங்கிட் என் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு" என்றேன் நான். கடைசியில் இருவரும் சேர்ந்தே போனோம். இரண்டு பழைய பில்கள், புதிய பில், எரிந்த கேஸ்கெட், காலையில் கைப்பேசியில் பதிவு செய்திருந்த சத்தம் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொண்டோம்.

"அங்கிள், சண்டை போட வரல. காலையில சத்தம் வருதுன்னு அப்பா ரெண்டு தடவையும் சொன்னாங்க. பில்லுலயும் அப்படித்தான் எழுதியிருக்கு" என்றேன்.

அவர் கேஸ்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூடேறினா இது ஒட்டிக்கும்மா. அதான் எனக்குக் கேக்கல."

"ராத்திரி காரை விட்டுட்டுப் போகச் சொல்லியிருக்கலாமே அங்கிள்?"

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு இரண்டு முறைக்கான கூலியாக 150 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிளக்குகள் காரில்தான் இருக்கின்றன, அவற்றின் விலையைக் கேட்பது நியாயமில்லை என்றார் அப்பா. அது சரி. ஆனால் மவுண்டிங் விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. தேவையில்லாத பொருளுக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்? அப்பாவின் இருபது வருஷப் பழக்கம் மட்டும் முறியவில்லை.

சட்டம் நம் பக்கம்

பேசித் தீராவிட்டால் வழி இருக்கிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் சேவை வழங்கப்பட வேண்டும் என்பது அதன் 53ஆம் பிரிவு தரும் உத்தரவாதம். பட்டறை எல்லாக் கோளாறையும் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. வாடிக்கையாளர் சொன்ன அறிகுறியை வைத்து, கவனமுள்ள ஒரு போமன் செய்திருக்கக்கூடிய சோதனையைச் செய்தார்களா என்பதே கேள்வி. 'காலையில் மட்டும்' என்று சொன்ன பிறகும் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிப் பார்க்காதது இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைக் கொண்டுபோகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். இணையம் வழியாகவும் மனுச் செய்யலாம். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேச வேண்டும் என்பதால், பெரிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வசதியில்லாத மாணவருக்கும் அங்கே சம இடம் உண்டு. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால், அங்கே நம் கோபம் எடுபடாது; பில்லும் ஆதாரமும்தான் பேசும்.

பட்டறைக்குப் போகுமுன்

• அறிகுறியைச் சொல்லுங்கள், தீர்ப்பைச் சொல்லாதீர்கள். 'பிளக் மாத்துங்க' என்றால் பிளக் மாற்றப்படும். 'குளிர்ந்த இன்ஜின், காலை, பத்து நிமிடம், டிக் டிக் சத்தம்' என்றால் தேடத் தொடங்குவார்கள்.

• நீங்கள் சொன்ன அறிகுறியைப் பில்லிலோ வேலைத்தாளிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் அதுவே முதல் ஆதாரம்.

• காலையில் மட்டும் வரும் கோளாறு என்றால், காரை இரவு விட்டுவிட்டு வாருங்கள்.

• எதையும் மாற்றுவதற்குமுன் விலையைக் கேளுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

• கோளாறு தொடர்ந்தால், வேறிடம் போகுமுன் முதல் பட்டறைக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். வேறிடம் போனால், அவர்கள் கண்டதை எழுத்திலும் படத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காருக்குள் இருக்கும் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைவலியோ குமட்டலோ வந்தால், கண்ணாடிகளை இறக்கி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எல்லோரும் வெளியே வாருங்கள். யாராவது மயங்கினால் 999. ஓய்வுத்தளத்தில் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடி, ஏசியில் தூங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகள் நம் நாட்டிலும் வந்திருக்கின்றன.

தனியார் கார்களுக்கு இங்கே ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை கிடையாது. நம் காரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தான். நாளைக் காலை காரைக் கிளப்பியதும் வானொலியைப் போடாமல், முன்மூடியைத் திறந்து வைத்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். வெட்டவெளியில், வீட்டுக் கதவுகளுக்குத் தள்ளி நின்று.