வாக்கி-டாக்கிக்குச் சான்று இருக்கிறது, அதன் பேட்டரிக்கு?

நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் வாங்கி முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி ஆண்டுதோறும் ஆலைகளின் கொள்முதல் பிரிவுகளுக்கு வருகிறது. சுத்திகரிப்பு ஆலைகளிலும் கேஸ் நிரப்பும் நிலையங்களிலும் வேலை செய்யும் வாசகர்கள் அனுப்பும் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. “ஐ.பி.68 என்று போட்டிருக்கிறதே, போதாதா?” “வாக்கி-டாக்கி செட் சான்று பெற்றதுதான். பேட்டரி மட்டும் வெளியில் வாங்கினோம், பரவாயில்லையா?”

முதல் கேள்விக்குப் பதில்: போதாது. அந்த எண் தூசியும் தண்ணீரும் உள்ளே புகாது என்று மட்டுமே சொல்கிறது; கருவியில் எழும் பொறி சுற்றியுள்ள வாயுவைப் பற்றவைக்காது என்பதற்கான சான்று வேறு. இரண்டாவது கேள்வியில்தான் உயிர் இருக்கிறது.

7.4 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் சுமார் 53,000 ஜூல் ஆற்றல் இருக்கும். காற்றோடு கலந்த ஹைட்ரஜன் பற்றிக்கொள்ள 0.02 மில்லிஜூல் போதும். மீத்தேனுக்கு ஏறக்குறைய 0.28. எனவே, அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, மதகு ஒரு நேரத்தில் எவ்வளவு திறந்துவிடும் என்பதே முக்கியம். மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டும் சுற்றுதான் இங்கே மதகு. சான்று பெற்ற பேட்டரிக்குள்ளேயே அதை வைத்து, பெரும்பாலும் பிசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள்.

சாரத்தின் மேலிருந்து செட் விழுகிறது. தாழ் தெறித்து, பேட்டரியின் தொடுமுனைகள் பிரிகின்றன. அப்போது எழும் பொறிகூட, சான்றில் குறித்த வாயுவைப் பற்றவைக்கும் அளவை எட்டக் கூடாது. கருவி பழுதாகும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு தொடங்குவதே இந்தச் சான்று முறையின் சிறப்பு. ‘ஐ.ஏ.’ என்ற உயர்நிலைச் சான்றுக்கு, உள்ளே இரண்டு பழுதுகள் சேர்ந்து நேர்ந்தாலும் தீப்பிடிக்கக் கூடாது.

வெளியில் வாங்கிய பேட்டரியும் அதே தாழில் கச்சிதமாகப் பொருந்தும். செட் தெளிவாகப் பேசும். ஸ்டிக்கரும் அப்படியே இருக்கும். ஆனால் சான்று செல்லாது. ‘சான்று பெற்ற கருவிகளையே பயன்படுத்துகிறோம்’ என்று ஓர் ஆலை சொன்னால், வாங்கிய அன்று அது உண்மையாக இருந்திருக்கலாம். செட், பேட்டரி, தோளில் மாட்டும் மைக் மூன்றும் சேர்ந்த தொகுப்புக்குத்தான் சான்று. அதிலும் குறிப்பிட்ட வாயுப் பிரிவுக்கு மட்டும்.

குறைந்த வோல்ட்தானே என்ற அலட்சியம் பழையது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 1913 அக்டோபர் 14 அன்று நடந்த வெடிப்பில் 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். பேட்டரியில் இயங்கிய சமிக்ஞை மணியின் கம்பியில் எழுந்த பொறி காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் பேசப்பட்டது. பொறியின் ஆற்றலையே கட்டுப்படுத்தும் இன்றைய முறை, அதையொட்டி நடந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்ததுதான்.

மற்ற கேள்விகள்:

வெளிநாட்டுச் சான்று மட்டும் போதுமா? போதாது, பெட்ரோலிய வளாகங்களில் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதலைக் கேளுங்கள்.

சான்றில் வரும் ‘டி4’ என்றால்? பழுதானாலும் மேற்பரப்பு 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது.

அபாயப் பகுதிக்குள் பேட்டரி மாற்றலாமா, சார்ஜ் போடலாமா? இரண்டும் கூடாது.

தெருமுனைக் கடையில் திறந்து பழுதுபார்த்தால்? அதன்பின் அது சாதாரண செட்.

மாவு ஆலைக்கு வாயுச் சான்று செல்லுமா? தூசிக்குத் தனிச் சான்று வேண்டும்.

குவாரியில் மின் டெட்டனேட்டர் அருகே? அங்கே ஆபத்து ரேடியோ அலையால் கம்பியில் தூண்டப்படும் மின்னோட்டம்; எந்தச் சான்றும் உதவாது, விலகி நிற்க வேண்டும்.

ஆர்டர் போடுபவர்கள், மாற்று பேட்டரிகளையும் அதே ஆர்டரில், சான்றிதழில் உள்ள அதே மாடல் எண்ணோடு சேர்த்து வாங்குங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். எண் பொருந்தாத செட்டைக் கையில் வாங்க மறுக்கும் தொழிலாளி மீது நடவடிக்கை இருக்காது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.