தொகையிடல் கணக்கும் ஏஐ வாத்தியாரும்

தொகையிடல் கணக்கைக் கணினி போடத் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பார்வையற்றவரான ஜேம்ஸ் ஸ்லேகில், எம்.ஐ.டி.யில் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக 1961இல் 'செயின்ட்' என்ற நிரலை எழுதினார். முதலாண்டு மாணவர்களின் தேர்வுத்தாளிலிருந்து எடுத்தவையும் சேர்த்து 86 கணக்குகளை அதற்குக் கொடுத்தார். 84 கணக்குகளுக்கு விடை வந்தது. எதைப் பிரதியிடலாம், எங்கே பகுதித் தொகையிடலுக்குப் போகலாம் என்று மாணவரைப் போலவே ஒவ்வொரு வழியாக அது முயன்று பார்த்தது.

எனவே இன்றைய சாட்ஜிபிடி விடை சொல்வதில் பெரிய வியப்பில்லை. கேட்ட கேள்விக்குப் பேச்சு நடையில் விளக்கம் சொல்கிறதே, அதுதான் புதிது.

அந்த விளக்கத்தால் பாடம் மனதில் பதிகிறதா? துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பாடம் பொதுவான பள்ளிக் கணிதம். ஜிபிடி-4ஐத் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகச் சாதித்தார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாமலே படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. கவலைக்குரிய செய்தி அதுதான். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி, ஆசிரியர்களின் உதவியோடு அமைத்த இன்னொரு கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

நுண்கணிதத்தில் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? 1/x² என்ற சார்பை -1 முதல் 1 வரை தொகையிடச் சொன்னால், பலரும் சூத்திரத்தைப் போட்டு மைனஸ் 2 என்று எழுதிவிடுவார்கள். 'தவறு, இது முடிவிலி' என்று கருவி சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். 'வளைவரையை வரைந்து பாருங்கள், x அச்சுக்குக் கீழே எங்காவது இறங்குகிறதா?' என்று கேட்டால் மாணவரே விழித்துக்கொள்வார். எங்குமே இறங்காத கோட்டுக்குப் பரப்பு மட்டும் எப்படி மைனஸில் வரும்?

அடுத்து 0.1 முதல் 1 வரை பரப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்: 9. 0.01 முதல் என்றால் 99, 0.001 முதல் என்றால் 999. சிக்கல் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருப்பது இப்போது கண்ணுக்கே தெரியும். நல்ல ஆசிரியர் இதோடு விடமாட்டார். 1/√x என்றால் என்ன ஆகும் என்று கேட்பார். அதுவும் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது எல்லையின்றி உயர்கிறது. ஆனால் 0 முதல் 1 வரை அதன் பரப்பு சரியாக 2.